செம்மண்ணில் இரும்புக்குக் குறைச்சலா? – குண்டனி நாட்டு மண்ணும் கீழ்நாட்டு மண்ணும்



மரவள்ளிக் கொழுந்து வெளுத்துப் போச்சுன்னு கடையில் போய் நின்றால், ஒரு பாக்கெட் எடுத்துக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். இரும்பு, துத்தநாகம், மாங்கனீசு எல்லாம் கலந்த நுண்ணூட்டம். கீழ்நாட்டில் விற்கிற அதே பாக்கெட் 70 கொண்டை ஊசி வளைவும் ஏறி இப்போது கொல்லிமலை மேலேயும் வந்துவிட்டது. எங்கள் குண்டனி நாட்டு உழவர் கூட்டத்தில் ஒரு தம்பி கேட்டார்: "ஏங்கண்ணா, நம்ம மண்ணே துரு நிறத்துலதானே கெடக்குது. இதுக்கு மேல எதுக்கு இரும்பை வாங்கிக் கொட்டணும்?"

கேள்வி சரிதான். ஆனால் 'செம்மண்ணா, இரும்பு இருக்கு, போட வேண்டாம்' என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிட முடியாது. எங்கள் அக்கா வீட்டு நிலம் ராசிபுரம் பக்கம் இருக்கிறது. அதுவும் செம்மண்தான், ஆனால் அடியில் சுக்கான். அங்கே மச்சானின் நிலக்கடலை வருசா வருசம் மஞ்சளிக்கிறது. மேலே இருக்கும் என் நிலத்தில் அந்தச் சிக்கல் இல்லை. வேறு சிக்கல் இருக்கிறது. மேலே நின்று பார்த்தால் கீழே தெரிகிற நிலம்தான், ஆனாலும் இரும்பு இரண்டு இடத்திலும் இரண்டு விதமாக நடந்துகொள்கிறது. அது ஏன் என்று இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

இருப்பு வேறு, கிடைப்பு வேறு

முதலில் ஒரு கணக்கு. ஒரு ஏக்கர் நிலத்தில் மேல்மண் 15 செ.மீ. ஆழத்துக்கு ஏறத்தாழ 9 லட்சம் கிலோ எடை இருக்கும். உலக மண்களில் சராசரியாக 3.8 சதம் இரும்பு என்று மண் அறிவியல் புத்தகங்கள் சொல்கின்றன. அப்படியானால் ஒரு ஏக்கரில் மேல்மண்ணில் மட்டும் 34 டன் இரும்பு. இரண்டு லாரி லோடு!

பயிருக்கு எவ்வளவு வேண்டும்? ஒரு போகத்துக்கு ஏக்கருக்குச் சில நூறு கிராமிலிருந்து ஒன்றிரண்டு கிலோ வரைக்கும்தான். 34 டன் கிடக்கும் நிலத்தில் ஒரு கிலோ கிடைக்காமல் பயிர் மஞ்சளிக்கிறது என்றால், அது இரும்பு இல்லாத குறை இல்லை. குதிருக்குள் நெல் இருந்தும் கதவு பூட்டிக் கிடக்கிற குறை.

மண் பரிசோதனை நிலையத்தில் பார்ப்பது இந்த 34 டன்னை அல்ல. டி.டி.பி.ஏ. என்ற கரைசலை மண்ணோடு சேர்த்துக் குலுக்கி, அதில் இறங்கி வருகிற இரும்பை மட்டும் அளக்கிறார்கள். அதுதான் 'கிடைக்கும் இரும்பு'. மண் வள அட்டையில் பி.பி.எம். என்று போட்டிருப்பது இதைத்தான். பொதுவாக 4.5 பி.பி.எம்.-க்குக் கீழே போனால் பற்றாக்குறை என்பார்கள். தமிழ்நாட்டில் சுண்ணாம்பு இல்லாத மண்ணுக்கு 3.7, சுண்ணாம்பு மண்ணுக்கு 6.3 என்று இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். 4.5 பி.பி.எம். என்றால் ஏக்கருக்கு வெறும் 4 கிலோ. அந்த 34 டன்னில் கதவுக்கு வெளியே நிற்பது இவ்வளவுதான்.

பூட்டு எது, சாவி எது?

காற்றோட்டமான மண்ணில் இரும்பு துரு வடிவத்தில் இருக்கிறது. இதைப் பெரிக் வடிவம் என்பார்கள். துரு தண்ணீரில் கரையாது என்பது நமக்குத் தெரிந்ததுதான். காற்று புகாத இடத்தில், சேற்றில், அதே இரும்பு பெரஸ் வடிவத்துக்கு மாறுகிறது. இது கரையும். வேர் எடுப்பதும் பெரும்பாலும் இந்த வடிவத்தில்தான்.

மண்ணின் கார அமில நிலை, அதாவது பி.எச்., முதல் பூட்டு. பி.எச். ஒரு எண் ஏறினால் துரு வடிவ இரும்பு கரைவது ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். 6-லிருந்து 8-க்குப் போனால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. இரண்டு எண் வித்தியாசம்தானே என்று அட்டையில் பார்த்துவிட்டு அலட்சியமாக விடக்கூடாது.

இதற்குச் சாவி மக்கு. தொழு உரம் மக்கும்போது வருகிற அமிலங்களும், நுண்ணுயிர்கள் சுரக்கிற பொருள்களும் இரும்பை நண்டு தன் கொடுக்கால் கவ்வுகிற மாதிரி கவ்விக்கொள்கின்றன. வேதியியலில் இதற்குப் பெயரே கொடுக்கிணைப்புதான். அப்படிக் கவ்விய இரும்பு சீக்கிரம் துருவாகாமல் மண் நீரிலேயே நடமாடி வேர் வரைக்கும் போய்ச் சேருகிறது. கடையில் அதிக விலைக்கு விற்கிற 'கீலேட்' இரும்பும் இதே வேலையைத்தான் செய்கிறது. நம் எருக்குழி அதைச் சும்மா செய்துகொண்டிருக்கிறது.

குண்டனி நாட்டு மண்

கொல்லிமலையின் 14 நாடுகளில் ஒன்று எங்கள் குண்டனி நாடு. மலை முழுக்கப் பெரும்பாலும் சார்னோகைட் என்கிற கடினப் பாறை. நடுநடுவே காந்த இரும்புத் தாது கலந்த பட்டைகளும் உண்டு. கஞ்சமலை, கோதுமலை, தீர்த்தமலையோடு கொல்லிமலையையும் சேர்த்துத்தான் சேலம் பகுதி இரும்புத் தாது என்று நிலவியலாளர்கள் கணக்கு எழுதியிருக்கிறார்கள். 1830-களில் ஹீத் என்ற ஆங்கிலேயர் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நடத்தியது சேலம் பகுதித் தாதை நம்பித்தான். பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டுமானால் பழைய ஸ்பீக்கர் காந்தத்தை ஒரு பாலித்தீன் பையில் போட்டு ஓடை மணலில் இழுத்துப் பாருங்கள். கறுப்புத் துகள் மீசை மாதிரி ஒட்டிக்கொண்டு வரும்.

ஆனால் மண் சிவந்திருப்பதற்குக் காரணம் அந்தக் கறுப்புத் துகள் அல்ல. பல லட்சம் வருசமாக மழை பெய்து பெய்து பாறையிலிருந்த சுண்ணாம்பு, மக்னீசியம், மணற்சத்து எல்லாம் கரைந்து ஓடிவிட்டன. கரையாத இரும்பும் அலுமினியமும் மட்டும் தங்கிவிட்டன. அந்த இரும்பு துருப்பிடித்த நிறம்தான் இந்தச் சிவப்பு. ஈரமும் குளிர்ச்சியும் கூடுதலான இடத்தில் அது மஞ்சளாகவும் இருக்கும். இப்படிக் கழுவப்பட்டு இறுகியதுதான் செம்பூரான்கல். அலுமினியம் அதிகமாகத் தங்கிய இடம் பாக்சைட். மேட்டூர் அலுமினிய ஆலைக்குக் கொல்லிமலை உச்சியிலிருந்து அதைத்தான் வெட்டிக்கொண்டு போனார்கள்.

சுண்ணாம்பு கழுவிப் போன மண் புளிப்புப் பக்கம் சாய்ந்திருக்கும். அதனால் இங்கே இரும்பின் பூட்டு தளர்ந்துதான் இருக்கிறது. மலை மேல் பயிர் வெளுத்தால் இரும்பை முதல் ஆளாகச் சந்தேகப்பட வேண்டியதில்லை.

இங்கே சிக்கல் வேறு. பி.எச். 5.5-க்குக் கீழே போகப் போக இந்த இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தைப் பிடித்துக் கட்டிப் போட்டுவிடும். நாம் போடுகிற மணிச்சத்தில் பெரும்பங்கு துருவோடு ஒட்டிக்கொள்ளும். பயிர் குட்டையாக, இலை கருகருவென்று, சில சமயம் ஊதாச் சாயலோடு நிற்கும். இதைப் பார்த்து இரும்பு நுண்ணூட்டம் தெளிக்கிறவர், மாட்டுக்குத் தாகம் எடுக்கும்போது வைக்கோல் போடுகிறவர் மாதிரி.

கீழ்நாட்டுச் சுக்கான் மண்

மலையிலிருந்து இறங்கினால் நாமக்கல், சேலம் சமவெளியில் பல இடத்தில் ஒரு முழம் வெட்டினாலே வெள்ளைச் சுக்கான் தட்டுப்படும். மேலே சிவப்பாக இருந்தாலும் சரி, கரிசலாக இருந்தாலும் சரி, பி.எச். 8-ஐத் தொட்டு நிற்கும். இங்கேயும் ஏக்கருக்கு டன் கணக்கில் இரும்பு உண்டு. பூட்டுத்தான் இறுகிக் கிடக்கிறது. நிலக்கடலை, மரவள்ளி, கரும்புக் கட்டை, எலுமிச்சை எல்லாம் இங்கே கொழுந்து வெளுக்கும்.

இதில் உழவர்களைக் குழப்புகிற ஒரு விசயம் உண்டு. "சேத்துல இரும்பு கரையும்னு சொல்றீங்க. ஆனா மழை பேஞ்சு நிலம் ஓதம் காத்தா என் கடலை இன்னும் மஞ்சளா ஆவுதே?" என்று மச்சான் கேட்டார். காரணம் இதுதான். வேரும் நுண்ணுயிரும் விடுகிற கரியமில வாயு ஈர மண்ணில் வெளியேற முடியாமல் தங்குகிறது. அது சுக்கானைக் கரைத்து பைகார்பனேட் ஆக்குகிறது. பைகார்பனேட் வேரைச் சுற்றிப் புளிப்பு உண்டாகவிடாமல் தடுக்கிறது. வேருக்கு இரும்பு எடுக்கும் தெம்பு போய்விடுகிறது. நெல் வயல் மாதிரி வாரக்கணக்கில் நீர் நின்றால்தான் துரு கரையும். நாலு நாள் ஓதத்தில் அது கரையாது, பைகார்பனேட் மட்டும் கூடும். சவர் தண்ணி ஆழ்துளைக் கிணறும் இதே கெடுதலைச் செய்யும். ஆக, சுக்கான் நிலத்தில் முதல் வைத்தியம் வடிகால், அளவான பாசனம்.

மற்ற மண்கள்

மணல் சாரி: இரும்பு இருப்பே குறைவு, மக்கும் குறைவு. இங்கே நிஜமாகவே பற்றாக்குறை வரலாம்.

களர் நிலம்: பி.எச். 8.5-க்கு மேல். எல்லா நுண்ணூட்டமும் பூட்டிக் கிடக்கும். ஜிப்சம், பசுந்தாள் உரம் போட்டுக் களரைச் சரி செய்யாமல் இரும்பை மட்டும் பார்ப்பது வீண்.

நெல் வயல்: நீர் நிற்க நிற்க இரும்பு கரைந்து வரும். அதனால் நட்ட வயலில் இரும்புக் குறை அரிது. புழுதி நாற்றங்காலில் நாற்று வெளுத்தால் பல சமயம் நீர் கட்டினாலே பச்சை திரும்பும்.

மலைப் பள்ளத்து வயல்: எங்கள் பக்கம் ஊற்று கசிகிற பள்ளங்களில் நெல் போடுகிறோம். சுற்றிலும் உள்ள செம்மண் சரிவிலிருந்து கரைந்த இரும்பு இங்கேதான் வந்து சேரும். இங்கே குறை இல்லை, மிகை. கீழ் இலையில் நுனியிலிருந்து பழுப்புப் புள்ளி விழுந்து இலையே வெண்கல நிறமாகும். வேரைப் பிடுங்கினால் துரு பூசின மாதிரி இருக்கும். தண்ணீர் மேல் எண்ணெய் மாதிரி ஏடு மிதக்கும். குச்சியால் கீறிப் பாருங்கள். எண்ணெய் என்றால் மறுபடி ஒன்று சேரும். இரும்பு ஏடு என்றால் சில்லுச் சில்லாக உடைந்து நிற்கும். இந்த வயலுக்கு வேண்டியது ஊற்று நீரை ஓரக் கால்வாயில் திருப்பிவிடுவது, இடையிடையே நீரை வடித்துக் காயவிடுவது, அடுப்புச் சாம்பல் இடுவது. நடவுக்கு முன்னால் பச்சைத் தழையைப் போட்டு மிதித்தால் கொதிப்பு கூடி இரும்பு இன்னும் அதிகமாகக் கரையும். இங்கே நன்றாக மக்கிய எருதான் சரி.

பயிரும் சும்மா இருப்பதில்லை

கடலை, பயறு, மரவள்ளி மாதிரி பயிர்கள் இரும்பு கிடைக்காதபோது வேரிலிருந்து புளிப்பை விட்டு, துருவைக் கரையும் வடிவத்துக்கு மாற்றி எடுத்துக்கொள்ளும். புல் இனம் – நெல், மக்காச்சோளம், கேழ்வரகு, சாமை – வேறு வழி வைத்திருக்கிறது. இவை வேரிலிருந்து கொடுக்கு மாதிரியான ஒரு பொருளைச் சுரந்து, துருவிலிருந்தே இரும்பைக் கவ்வி இழுத்துக்கொள்ளும். ஜப்பானைச் சேர்ந்த தகாகி என்ற ஆய்வாளர் 1976-இல் இதை வெளியிட்டார்.

இதனால் நமக்கு என்ன லாபம்? சீனாவில் சுண்ணாம்பு மண்ணில் தனியாக விதைத்த நிலக்கடலை மஞ்சளித்தது. மக்காச்சோளத்தை ஊடே விதைத்த இடத்தில், அதன் வேரோடு வேர் கலந்த கடலை வரிசைகள் பச்சையாக நின்றன. 2000-இல் இந்த ஆய்வு வெளியானது. மக்காச்சோள வேர் கவ்வி இழுத்த இரும்பில் பக்கத்துக் கடலைக்கும் பங்கு கிடைத்திருக்கிறது. நம் பெரியவர்கள் கடலைக்குள் சோளமும் கம்பும் சால் விட்டதை இந்தக் கண்ணோடும் பார்க்கலாம். மச்சானுக்கு நான் முதலில் சொன்ன யோசனை இதுதான்: ஆறு சால் கடலைக்கு ஒரு சால் மக்காச்சோளம்.

வயலில் கண்டுபிடிப்பது எப்படி?

1. எந்த இலை? இரும்பு செடிக்குள் இடம் மாறாது. அதனால் குறை கொழுந்தில்தான் தெரியும். அடி இலை முதலில் வெளுத்தால் அது தழைச்சத்துக் குறை.

2. நரம்பு என்ன நிறம்? இரும்புக் குறையில் நரம்பு பச்சை வலையாக நிற்கும், இடைப்பட்ட பகுதி வெளுக்கும். கொழுந்து நரம்போடு சேர்த்து வெளுத்தால் கந்தகத்தைச் சந்தேகப்படுங்கள்.

3. மண்ணில் சுண்ணாம்பு உண்டா? ஒரு கைப்பிடி காய்ந்த மண்ணில் நீர்த்த ஆசிட் இரண்டு சொட்டு விடுங்கள். நுரைத்தால் சுக்கான் மண். (கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.)

4. தடவிப் பார்க்கும் சோதனை: ஒரு லிட்டர் நீரில் 10 கிராம் அன்னபேதி உப்பு, அரை மூடி எலுமிச்சைச் சாறு. வெளுத்த கொழுந்து இலையில் ஒரு பாதியில் மட்டும் துணியால் தடவுங்கள். ஒரு வாரத்துக்குள் தடவின பாதி பச்சை பிடித்தால் இரும்புக் குறைதான். பிடிக்கவில்லையென்றால் வேறு காரணம், காசை மிச்சப்படுத்தலாம்.

5. மண் வள அட்டை: 2015-இல் தொடங்கிய இந்தத் திட்டத்தில் 12 அம்சங்கள் பார்க்கிறார்கள், இரும்பும் ஒன்று. இரும்பு எண்ணை மட்டும் படிக்காதீர்கள். பி.எச்., கரிமச்சத்து, இரும்பு மூன்றையும் சேர்த்துப் படியுங்கள்.

என்ன செய்யலாம்?

சுக்கான் நிலத்துக்கு: அன்னபேதி என்பது பெரஸ் சல்பேட். அதில் 19 சதம்தான் இரும்பு. ஏக்கருக்கு 20 கிலோவைத் தனியாகத் தூவினால் 4 கிலோ இரும்புகூட இல்லை; அதுவும் சுண்ணாம்பு பட்டுச் சில நாளில் துருவாகி, அந்த 34 டன்னோடு போய்ச் சேர்ந்துவிடும். மண்ணில் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், பத்து மடங்கு தொழு உரத்தோடு கலந்து, நிழலில் ஈரம் காயாமல் ஒரு மாதம் மூடி வைத்துப் பிறகு வேர்ப்பகுதியில் இடுங்கள். அவசரத்துக்கு 10 லிட்டர் நீருக்கு 100 கிராம் அன்னபேதி, 10 கிராம் சிட்ரிக் அமிலம் அல்லது எலுமிச்சைச் சாறு கலந்து மாலையில் தெளிக்கலாம். சான்று பெற்ற நிலம் என்றால் முன்கூட்டியே சான்றளிப்பவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். புளித்த மோரில் பழைய ஆணி, லாடம் ஊறவைத்துத் தெளிக்கிறவர்களும் இருக்கிறார்கள். மோரின் புளிப்பு இரும்பைக் கரைப்பது உண்மைதான். அளவு தெரியாது என்பதால் நன்றாக நீர்த்து நாலு செடியில் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். இவையெல்லாம் அந்தப் போகத்துக்கான வைத்தியம். நிரந்தர வைத்தியம் மக்கு, வடிகால், ஊடுபயிர்.

மலைச் செம்மண்ணுக்கு: இரும்பு வாங்குகிற காசை மணிச்சத்தை விடுவிப்பதில் போடுங்கள். புளிப்பு மண்ணில் ராக் பாஸ்பேட்டும் எலும்புத் தூளும் மெல்லக் கரைந்து பயன் தரும். சுக்கான் மண்ணில் இவை கரையாது. இங்கே நமக்குச் சாதகம். பாஸ்போபாக்டீரியா, வேர்ப்பூசணம் கலந்த தொழு உரத்தோடு சேர்த்து வேரடியில் வையுங்கள். பி.எச். 5.5-க்குக் கீழே இருந்தால் மட்டும் பரிசோதனை முடிவுப்படி சுண்ணாம்போ டோலமைட்டோ சாம்பலோ கொடுக்கலாம். கண்மூடித்தனமாகக் கொட்டினால் கீழ்நாட்டுச் சிக்கலை மேலே ஏற்றி வைத்த மாதிரி ஆகிவிடும்.

இதைவிடப் பெரிய வேலை ஒன்று மேலே இருக்கிறது. சாமை, கேழ்வரகு இருந்த சரிவுகள் மரவள்ளிக்கு மாறிவிட்டன. மரவள்ளி நட்ட முதல் சில மாதம் நிலம் திறந்து கிடக்கும். பிடுங்கும்போது மண் முழுக்கக் கிளறும். மழை அந்த மண்ணை அடித்துக்கொண்டு போகும். போவது இரும்பு அல்ல. இரும்பு அடிமண்ணிலும் இருக்கிறது. போவது அந்த இரும்பையும் மணிச்சத்தையும் பயிருக்கு எடுத்துக் கொடுக்கிற மக்கு. மேல்மண் போன சரிவில் சிவப்பு இன்னும் பளிச்சென்று தெரியும், ஆனால் விளையாது. கல் வரப்பு, சரிவுக்குக் குறுக்கே சால், மரவள்ளிக்குள் தட்டைப்பயறோ சிறுதானியமோ ஊடுபயிர் – குண்டனி நாட்டுக்கு இரும்பு உரம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

மண்ணிலிருந்து தட்டுக்கு

இருப்பு வேறு, கிடைப்பு வேறு என்பது உடம்புக்கும் பொருந்தும். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதம் பேருக்கு இரத்தசோகை. இரும்பு மண் மேலேயே வாழ்கிற நமக்கும் இது பொருந்தும்.

தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 அட்டவணைப்படி 100 கிராம் கேழ்வரகில் 4.6 மி.கி., கம்பில் 6.4 மி.கி. இரும்பு, தீட்டிய பச்சரிசியில் 0.65 மி.கி. சாமைக்குப் பழைய அட்டவணையில் 9.3 என்று இருந்தது. 2017 அட்டவணையில் 1.26 தான். எனவே விற்பனைக்காக 'சாமையில் இரும்பு கொட்டிக் கிடக்கிறது' என்று பழைய எண்ணை அச்சடிக்க வேண்டாம். அரிசியைவிட அது இரண்டு பங்கு. அதுவே நல்ல சேதிதான். தானியத்து இரும்பையும் அதிலுள்ள பைட்டிக் அமிலம் பூட்டி வைக்கும். ஊறவைத்தல், முளைகட்டுதல், புளிக்கவைத்தல் அந்தப் பூட்டைத் தளர்த்தும். கூழோடு நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்ந்தால் இரும்பு உடம்பில் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் சேராது. மண்ணுக்கு மக்கு செய்கிற வேலையை வயிற்றில் புளிப்பு செய்கிறது.

அடுத்த கூட்டத்துக்கு முன்னால்

ஒவ்வொருவரும் மூன்று இடத்து மண் எடுத்து வையுங்கள்: மேட்டுச் சரிவு, வீட்டோரம் எரு விழும் நிலம், பள்ளத்து வயல். ஒவ்வொன்றிலும் அரைக் கிலோ, நிழலில் உலர்த்தி, துணிப்பையில் பெயரும் பயிரும் எழுதிக் கட்டுங்கள். மண்வெட்டியில் துரு இருந்தால் இரும்புக் கணக்கு தப்பாக வரும். அதனால் மரக்கட்டையாலோ பிளாஸ்டிக் கரண்டியாலோ சுரண்டி எடுங்கள். நாமக்கல் வேளாண் அறிவியல் நிலையத்தில் கொடுத்து முடிவு வாங்கிய பிறகு, மூன்று அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்போம். அதுவரைக்கும் நுண்ணூட்டப் பாக்கெட் வாங்குகிற காசு பையிலேயே இருக்கட்டும்.